அம்மனைப் பிணை வைத்த பதினொரு நாள்

போன மாதம் உங்களில் மூன்று பேர் லிங்கநகரில் என் வீட்டுக்கு வந்தீர்கள். தேத்தண்ணி குடித்து முடியும் வரைக்கும் ஊர்க்கதை கதைத்தீர்கள். எழும்பும்போதுதான் வந்த காரியத்தைக் கேட்டீர்கள். "அன்ரி, மாசத்துக்கு எவ்வளவு கேக்கலாம்? கூடக் கேட்டா ஓடிடுவினமே?"

அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருந்தது. அதனால் இப்போது எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் மட்டும் படித்தவள். அதிலும் கணக்குப் பாடத்தில் இரண்டாம் முறை எழுதித்தான் சித்தியடைந்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விலையில் பிழை இருக்காது.

ஓடுகிறவர்கள் ஓடட்டும். இதுதான் என் பதில். ஆனால் காரணம் தெரியாமல் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தால் வாய்க்காரி என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். காரணத்தைச் சொல்கிறேன்.

வீட்டில் இருந்தபடி மற்றவர்களுடைய போனை எடுக்கிற இந்த வேலைக்கு நீங்கள் விர்ச்சுவல் அசிஸ்டன்ட் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கேட்க வடிவாக இருக்கிறது. நான் தொடங்கியபோது இதற்குப் பெயரே இல்லை. 'போன் அக்கா' என்றார்கள். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு காலையில் பல் தீட்டிக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் அப்படியே சரிந்தார். இடது கையும் காலும் போயின. வாய் போகவில்லை, அம்மன் புண்ணியம். அதுவும் கொஞ்சம் போயிருக்கலாமே என்று சில நாள் நினைத்ததுண்டு. அவரைத் தனியே விட்டுவிட்டு நான் வெளியே வேலைக்குப் போக முடியாது. வீட்டுக்குள் இருந்தபடி என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நாளில்தான் எங்கள் பிரிட்ஜ் பழுதானது.

திருத்த வந்தவர் கிண்ணியாக்காரத் தம்பி ஒருவர். இரண்டு கையும் பிரிட்ஜின் பின்பக்கத்துக்குள் இருக்க, சட்டைப் பைக்குள் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. "அக்கா, ஒருக்கா எடுத்து ஆரெண்டு கேளுங்களன்" என்றார். எடுத்தேன். ஒருவர் தமிழ், அடுத்தவர் சிங்களம். துறைமுகக் குவாட்டர்ஸில் பதினைந்து வருடம் இருந்ததில் சிங்களம் எனக்கு நன்றாக வரும். பெயர், இடம், என்ன பழுது, எப்போது வந்தால் வீட்டில் ஆள் இருக்கும் என்று கேட்டு, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இத நீங்க நெடுகச் செஞ்சா என்ன? நான் மாசம் பத்துப் பேர இழக்கிறன், போன் எடுக்க ஏலாம."

அப்படித்தான் தொடங்கியது. விலை கேட்டார். ஒரு கோலுக்குப் பத்து ரூபா என்றேன். கதைத்தால் காசு, கதைக்காவிட்டால் இல்லை. நியாயமாகத் தெரிந்தது.

எங்கள் ஊர் ஆட்களை எனக்கே சரியாகத் தெரியாது என்பது அதில்தான் விளங்கியது. இங்கே முக்கால்வாசிப் பேர் தங்கள் காசில் கோல் எடுக்க மாட்டார்கள். மிஸ் கோல் அடிப்பார்கள். ஒரு மணி, பிறகு வெட்டு. தேவையென்றால் நீ எடு என்று அர்த்தம். நானும் வேலை கிடைத்த சந்தோசத்தில், அடித்த ஒவ்வொருவருக்கும் என் காசில் ரீலோட் போட்டுத் திருப்பி எடுத்தேன். மாத முடிவில் வந்த கோல் என்று எழுதியிருந்தது முப்பத்திரண்டு. நான் எடுத்துக் கதைத்தது நூற்றுக்கு மேல். தம்பி என் கொப்பியின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தார்.

"அக்கா, நீங்க எனக்குக் காசு தந்தெல்லோ வேலை செஞ்சிருக்கிறீங்க!"

என் கணவர் கதிரையில் இருந்தபடி, "அவவுக்குத் தருமம் செய்யிறது விருப்பம் தம்பி" என்றார்.

அந்தத் தம்பி நல்ல மனிதர். வேறு ஒருவர் என்றால் வாயை மூடிக்கொண்டு முப்பத்திரண்டுக்குக் காசைத் தந்திருப்பார். இவர் பேனையை வாங்கி எனக்கு விலை போடக் கற்றுத் தந்தார். "கடையில ஒரு புள்ளய போனுக்கு வச்சா நான் என்ன சம்பளம் குடுக்கோணும்? அதுல அஞ்சில ஒண்டத் தாறன். நீங்க அஞ்சு பேருக்குச் செய்ங்க. ரீலோட் அவங்கவங்கட செலவு. கோல் எண்ணாதீங்க." அந்த ஒரு தாளை இன்னும் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. நாங்கள் விற்பது கதைக்கிற நேரத்தை இல்லை. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரைக்கும் குளிக்கப் போனாலும் போனைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறோமே, அந்த நிற்பை விற்கிறோம்.

ஓர்ஸ் ஹில்லில் விருந்தினர் விடுதி வைத்திருந்த ஒரு அம்மா இரண்டாவதாக வந்தார். விலையைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"இது என்ன பிள்ளை, வீட்டில சும்மா இருக்கிற நேரத்தில எடுக்கிறதுதானே?"

"அப்ப நீங்கள் சும்மா இருக்கிற நேரத்தில எடுங்கோவன் அம்மா."

அவர் எழும்பிப் போனார். நான்காம் நாள் திரும்பி வந்து முழு விலைக்கும் சம்மதித்தார். நீங்களும் இதையே சொல்லுங்கள். குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்.

ஒரு வருடத்தில் என் மேசையில் ஐந்து போன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற உறை. பச்சை பிரிட்ஜ் தம்பி, நீலம் விடுதி, மஞ்சள் பல் வைத்தியர், வெள்ளை ஒரு வாடகை வான்காரர். என் கணவர் மணியை வைத்தே சொல்லுவார்: "நீலம் அடிக்குது, உம்மட அம்மா." காலையில் விளக்கேற்றியதும் ஐந்துக்கும் திருநீறு பூசுவேன். சிரிக்காதீர்கள். உங்கள் பிழைப்பு எதில் இருக்கிறதோ அதற்குப் பூசுவதில் வெட்கம் என்ன?

ஐந்தாவது சிவப்பு. அதுதான் இந்தக் கதை.

சிவப்பு, துறைமுகத்துப் பக்கம் போட் எஞ்சின் திருத்துகிற ஒரு வேர்க்‌ஷொப் முதலாளியுடையது. பெரிய ஆள். மூதூர் முதல் புல்மோட்டை வரைக்கும் மீன்பிடிக்காரரின் எஞ்சின்கள் அவரிடம்தான் வரும். கோல் அவ்வளவு கூட என்பதால் மற்ற நான்கு பேரும் சேர்ந்து தருவதை அவர் ஒருவரே தந்தார். என் கணவரின் மருந்து அந்தச் சிவப்புப் போனில்தான் ஓடியது. இன்னொன்று, நான் போகிற அதே அம்மன் கோயிலில் நவராத்திரியில் ஒரு நாள் பூசை அவருடைய உபயம். கோயிலில் அவர் நடந்து வந்தால் ஆட்கள் விலகி வழி விடுவார்கள். அப்படிப்பட்டவருடைய போனை நான் எடுக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தப் புரட்டாசியில் புல்மோட்டையில் இருந்து ஒரு பெண் சிவப்புப் போனுக்குக் கோல் எடுத்தார். பெயர் நஸீமா. அவருடைய கணவரின் எஞ்சின் வேர்க்‌ஷொப்பில் கிடக்கிறது. கியருக்குள் போடுகிற ஒரு சாமான் வர வேண்டும். கடலில் இன்னும் சில வாரம்தான் தொழில் செய்யலாம். மாரிக் காற்று தொடங்கினால் மாசி முடியும் வரைக்கும் போட்டை ஏற்றி வைக்க வேண்டியதுதான். அந்தச் சில வாரத்து மீனில்தான் மாரி முழுவதும் சாப்பாடு.

முதலாளியிடம் கேட்டேன். "சாமான் கொழும்பில இருந்து வரேல்லை எண்டு சொல்லும்" என்றார். சொன்னேன்.

அடுத்த நாளும் நஸீமா எடுத்தார். அதற்கு அடுத்த நாளும் எடுத்தார். முதலாளியிடம் ஒரே பதில்தான். எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதல்லவா, ஒருவர் கவலையோடு கேட்டால் வெறும் 'இல்லை' என்று சொல்ல நா எழாது. கொஞ்சம் சீனி போடுவோம். நானும் போட்டேன். நாளைக்கு வந்துவிடும் என்றேன். பஸ்ஸில் போட்டுவிட்டார்களாம் என்றேன். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண் ஒரு நாள் போனில் அழுதார். அப்போது நான் சொன்னேன்:

"அழாதேங்கோ பிள்ளை. நான் அம்மனிட்டச் சொல்லிப்போட்டன். கட்டாயம் வந்திடும்."

"நீங்க கேட்டா சரி அக்கா" என்றார் நஸீமா. "உங்கட வாய் நல்ல வாய்."

நான் உண்மையாகவே அம்மனிடம் சொல்லியிருந்தேன். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் விளக்குக்கு முன்னால் புல்மோட்டைப் பிள்ளையின் எஞ்சின் சாமானுக்காகவும் கும்பிட்டேன். அதனால் அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நஸீமா எடுத்ததும் முதல் கேள்வி, "அக்கா, சாமிட்டச் சொன்னீங்களா?" ஓம் என்பேன். பதினொரு நாள் இப்படிப் போனது.

பன்னிரண்டாம் நாள் சிவப்பு அடிக்கவில்லை. மதிய நேரம் வாசல் படலையில் யாரோ தட்டினார்கள். கறுப்பு அபாயா, காலெல்லாம் புழுதி, கையில் ஒரு பொலித்தீன் பை.

"போன் அக்காட வீடு இதானா?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. "நஸீமாவோ! உள்ள வாங்கோ பிள்ளை, இந்த வெயிலுக்குள்ள ஏன்..."

"உள்ள வரல்ல."

படலையைப் பிடித்தபடியே நின்றார். முகம் நான் நினைத்திருந்ததை விடச் சின்ன வயது.

"வேர்க்‌ஷொப்புக்குப் போய்ட்டு வாறன். எங்கட எஞ்சின் மூலைல கெடக்கு, மேல ஒரு சாக்கு. கழட்டவே இல்ல. சாமான் போன கெழமையே வந்திட்டாம். பெரிய போட்டுக்காரர் ஒருவர்ட எஞ்சினுக்குப் போட்டுக் குடுத்திட்டாங்களாம். அங்க வேலை செய்றவர்தான் சொன்னார், உங்கட வீடு எங்க எண்டும் அவர்தான் சொன்னார்."

"எனக்குத் தெரியாது பிள்ளை. முதலாளி சொல்லச் சொன்னதைத்தான் நான்..."

"முதலாளியா? முதலாளி சொல்லியிருந்தா நான் ரெண்டாம் நாளே வந்து நிண்டிருப்பனே! அவர நம்பியா பதினொரு நாள் இருந்தன்? நீங்க உங்கட சாமியையும் சேர்த்தெல்லோ சொன்னீங்க. என்ட மாப்பிள அண்டைக்கே வெளிக்கிட்டவர், போய்ப் பாத்திட்டு வாறன் எண்டு. நான்தான் மறிச்சன். சாமியச் சொல்லி ஒரு பொம்பள பொய் சொல்ல மாட்டா எண்டு சொன்னன்."

உள்ளே கதிரையில் இருந்த என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாத நாள் அது ஒன்றுதான்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். என் முன்னால் முதலில் இரண்டு வழிதான் தெரிந்தது. படலையடியில் அழுது மன்னிப்புக் கேட்டு அவரை அனுப்பிவிட்டு, நாளைக்கும் சிவப்புப் போனை எடுக்கலாம். அல்லது வேர்க்‌ஷொப்பின் உள்வீட்டுக் கதை எல்லாம் சொல்லி, முதலாளியை வாயாரத் திட்டி, நானும் உன் பக்கம்தான் என்று காட்டலாம். முதலாவது கோழைத்தனம். இரண்டாவதும் இந்தத் தொழிலுக்கு ஆகாது. காசு தருகிறவரின் விசயத்தை வெளியே கொட்டுகிறவளிடம் யார் போனைத் தருவார்கள்? நஸீமாவுக்கு அழுகையும் திட்டும் வேண்டியதில்லை. எஞ்சின் எப்போது வரும் என்ற பதில்தான் வேண்டும்.

நான் சிவப்புப் போனை எடுத்துவந்து படலையடியில் நின்று முதலாளிக்கு அடித்தேன். ஸ்பீக்கரைப் போட்டேன். போட்டதும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

"முதலாளி, புல்மோட்டைப் பிள்ளை என்ட வாசல்ல நிக்கிறா. நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு நிக்கிறா. அவவின்ட எஞ்சினுக்கு ஒரு நாள் சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் சம்மட்டி அடிக்கிற ஒலி மட்டும் கேட்டது.

"சாமான் வரேல்லை எண்டு சொல்லச் சொன்னனானெல்லோ?"

"அதை இனி என்னால சொல்ல ஏலாது. நீங்களே சொல்லுங்கோ. போனை அவவிட்டக் குடுக்கவோ?"

மறுபடியும் சம்மட்டி. பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதுபோல, "சனிக்கிழமை. சனிக்கிழமை வந்து எடுக்கச் சொல்லும்" என்றார்.

"சனி எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு! போனை வையும்!"

நான் ஒரு தாளில் 'சனி காலை பத்து மணி, முதலாளி சொன்னது' என்று எழுதி, என் பெயரையும் போட்டு நஸீமாவிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு பொலித்தீன் பையைப் படலைக் கொளுக்கியில் மாட்டினார். கருவாடு.

"இது உங்களுக்கெண்டு கொண்டந்த. வீட்ட இருந்து வெளிக்கிடேக்க நல்ல மனசோட கட்டின. திருப்பிக் கொண்டு போக ஏலா."

பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நவராத்திரி விரதம் தொடங்கிவிட்டதால் அந்தப் பையை வீட்டுக்குள் எடுக்கவும் முடியவில்லை, எறியவும் மனமில்லை. விறகுக் கொட்டிலில் தூக்கி வைத்தேன். அன்று மாலை விளக்கேற்றும்போது அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. சாமான் வந்தது தெரியாமல்தான் சொன்னேன். ஆனால் என் சொல்லுக்குப் பெறுமதி போதாது என்று அவளைப் பிணைக்கு நிறுத்தினேனே. அதை எனக்கு யாரும் செய்யச் சொல்லவில்லை.

எங்கிருந்தோ சாமான் எடுத்துப் போட்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு எஞ்சின் கொடுபட்டது. ஞாயிற்றுக்கிழமை முதலாளியே வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"தங்கச்சி, ஆக்களுக்கு முன்னால என்னை வெக்கப்படுத்திப் போட்டீர்."

"நீங்கள் என்னை வைச்சு அம்மனையே வெக்கப்படுத்திப் போட்டீங்கள் முதலாளி. அதில என்ட பங்கும் இருக்கு. என்ட பங்குக்கு நான் மன்னிப்புக் கேட்டிட்டன்."

"தொழில் எண்டா இப்பிடித்தான். சாமான் இருக்கு, உனக்கில்லை எண்டு முகத்துக்கு நேர ஆரும் சொல்லுவினமே? அதுக்குத்தானே உமக்கு மாசம் மாசம் காசு தாறன்?"

"போன் எடுக்கத்தான் நீங்கள் காசு தாறீங்கள். பொய்க்கு நான் விலை சொல்லேல்லை" என்றேன். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். "உங்கட கடை விசயம் ஒண்டும் என்ட வாயால வெளியில போகாது. அதுக்கு நீங்கள் பயப்பிட வேண்டாம். வேலை கூட எண்டா, கூட எண்டு சொல்லுவன். இன்ன நாள் எண்டு சொன்னீங்கள் எண்டா, உங்கட பேரில அதைச் சொல்லுவன். அந்த நாள் தவறினா, தவறிட்டுது எண்டும் சொல்லுவன். இருக்கிற ஆளை இல்லை எண்டு சொல்ல மாட்டன், வந்த சாமானை வரேல்லை எண்டு சொல்ல மாட்டன். சம்மதமெண்டா வைச்சிருங்கோ."

"அப்ப போனைத் தாரும்."

தந்தேன். திருநீறு பூசியிருந்ததைத் துடைத்துவிட்டுத்தான் தந்தேன்.

படலையடியில் திரும்பி நின்று, "இந்த ஹார்பர் பக்கம் இனி ஒருத்தரும் உம்மட்ட வராயினம். பாரும்" என்றார்.

"வராட்டி இடியப்பம் அவிப்பன்" என்றேன். உண்மையில் அது அப்போதுதான் வாயில் வந்தது. ஆனால் சொன்னபடியே ஆனது.

விடுதிக்காரம்மா அந்த மாதமே நின்றார். வான்காரரும் போனார். கேட்டால், முதலாளியோடு பகைக்க ஏலாது என்றார். பச்சையும் மஞ்சளும் மட்டும் மேசையில். மருந்துக் காசுக்கு விடியற்காலையில் கடைக்கு இடியப்பம் அவிக்கத் தொடங்கினேன். உரலைப் பிழிந்துகொண்டிருக்கும்போது போன் அடிக்கும், மாக்கையோடு எடுப்பேன். பச்சை உறை வெள்ளையாகிவிட்டது.

எல்லாரும் புத்தி சொன்னார்கள். விலையைக் குறை, ஆட்கள் வருவார்கள் என்றார்கள். என் தம்பிகூடச் சொன்னான். நான் குறைக்கவில்லை. குறைத்திருந்தால், நான் பிழை செய்ததற்கு அபராதம் கட்டுவதுபோல இருந்திருக்கும். பொய்க்குத்தான் அபராதம். அதை நான் கட்டிவிட்டேன். உண்மை சொன்னதற்கு எதற்கு விலையில் கழிவு கொடுக்க வேண்டும்?

முதலாளியின் உபயம் அந்த நவராத்திரியின் கடைசி நாட்களில் ஒன்று. நான் சேலை மாற்றுவதைப் பார்த்துவிட்டு என் கணவர் கேட்டார்.

"கோயிலுக்குப் போறீரோ, சண்டைக்குப் போறீரோ?"

"கும்பிடத்தான் போறன். மறைஞ்சு நிண்டு கும்பிட மாட்டன்."

முன் வரிசையில் போய் நின்றேன். அவர் பட்டு வேட்டியோடு உபயகாரருக்குத் தருகிற காளாஞ்சித் தட்டை வாங்கும்போது என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். யார் முதலில் கண்ணை எடுத்தது என்று சொல்ல மாட்டேன், அம்மன் சந்நிதியில் நடந்த விசயம். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு அவள் முகத்தைத் திரும்பவும் பார்க்க முடிந்தது. அந்த வேர்க்‌ஷொப் அழிய வேண்டும் என்று நான் கும்பிடவில்லை. ஒரு தடவை அரைவாசி கும்பிட்டேன், உடனே மன்னிப்புக் கேட்டேன்.

விஜயதசமி முடிந்த பிறகு கருவாட்டை எடுத்துக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். என்னால் ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. என் கணவர் வழித்துச் சாப்பிட்டார். "நல்ல கருவாடு. உம்மட பொய் நல்ல ருசி" என்றார். அந்த மனிதரை நான் எப்படிக் கட்டி மேய்த்தேன் என்று அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

கார்த்திகையில் விடுதிக்காரம்மா திரும்ப வந்தார். அவருடைய மருமகன் போன் எடுத்தானாம். ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறான். "பாதி விலைக்குச் செய்யும் பிள்ளை, உமக்கும் இப்ப ஆக்கள் இல்லைத்தானே" என்றார். பழைய விலைதான் என்றேன். கூடவே ஒரு தாளையும் நீட்டினேன். முதலாளிக்கு வாயால் சொன்னதை அதில் எழுதியிருந்தேன். உங்கள் சொல்லை உங்கள் பெயரில் சொல்லுவேன், இல்லாததைச் சொல்ல மாட்டேன், கீழே கையெழுத்து. அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். "இது என்ன பிள்ளை, கலியாண எழுத்து மாதிரி" என்று முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்தத் தாளில் கையெழுத்துப் போடாத ஒருவருக்கும் நான் போன் எடுக்கவில்லை. சிலர் வாசித்துவிட்டு எழும்பிப் போனார்கள். நான் மறிக்கவில்லை. போன முதலாளி வரவே இல்லை. அவர் இல்லாமலே என் மேசையில் ஐந்து போன் திரும்ப நிறைந்தது. சிவப்பு உறை மட்டும் பிறகு ஒன்றுக்கும் போடவில்லை.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பவில்லை. புல்மோட்டைக்கு எடுத்துக் கேட்கவும் துணிவில்லை. அந்த நம்பர் முதலாளி கொண்டுபோன போனில் இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினொரு நாள் கேட்ட நம்பர், எனக்கு மனப்பாடம்.

பங்குனியில், கடல் அடங்கி போட்டுகள் இறங்கத் தொடங்கிய நேரம், பச்சை அடித்தது.

"பிரிட்ஜ் திருத்துற இடமா?"

"ஓம், சொல்லுங்கோ."

"எங்கட மீன் போடுற பெட்டி வேல செய்யுதில்ல. ஐஸ் கட்டுதில்ல. புல்மோட்டைல இருந்து..." குரல் நின்றது. "போன் அக்காவா?"

"ஓம் பிள்ளை. நான்தான்."

அந்தப் பக்கம் கோழி கூப்பிடுகிற சத்தம் கேட்டது. வெட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வெட்டவில்லை. நான் பெட்டியின் விபரத்தை எழுதிக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் எடுக்கிறேன் என்று சொல்லி, தம்பிக்கு அடித்துக் கேட்டு, திரும்ப எடுத்தேன்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள்ள வருவார் பிள்ளை. அவர் சொன்னது. அந்தப் பக்கம் இன்னொரு வேலையும் இருக்காம். திங்கள் பின்னேரம் நான் அவரிட்ட ஒருக்காக் கேப்பன். வராட்டி நீங்கள் காத்துக்கொண்டு இருக்காம நானே உங்களுக்கு எடுத்துச் சொல்லுவன்."

நஸீமா மெல்லக் கேட்டார்.

"சாமிட்டச் சொன்னீங்களா?"

"இல்லைப் பிள்ளை. இந்த முறை தம்பியிட்ட மட்டும்தான் சொன்னனான்."

போனுக்குள் ஒரு சிரிப்புக் கேட்டது. சின்னச் சிரிப்புத்தான்.

"அப்ப வருவார்" என்றார்.